மலேரியா மாத்திரையும் பெண்களின் குருதியும்

மலேரியா எண்டால் திருகோணமலைத் துறைமுகப் பக்கத்து அம்மம்மாமாருக்கு இப்பவும் பயம்தான். 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. கலைப்பீடக்காரரான நாங்கள் தேடியது மாத்திரையின் வரலாற்றை. ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்லும் பிரைமாகுயின், சிலருடைய செங்குருதிக் கலங்களையும் உடைத்தது. அமெரிக்காவின் ஸ்டேட்வில் சிறைக் கைதிகளில் சோதித்து (சிறைக்குள்ளே சம்மதம் எண்டால் என்ன சம்மதம்?) 1956இல் காரணம் கண்டார்கள்: ஜி6பிடி என்ற புரதத்தின் குறைவு.

அதன் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் ஆண்களுக்கே பாதிப்பு அதிகம். பெண்களுக்கோ இரண்டு எக்ஸ். 1961இல் மேரி லயன், எலிகளின் உரோம நிறத்தைப் பார்த்து, பெண் கலம் ஒவ்வொன்றிலும் ஒரு எக்ஸ் உறங்குகிறது எண்டார். அடுத்த வருஷமே ஏர்னஸ்ட் பொய்ட்லர் குழு, பெண்களின் குருதியில் குறையுள்ள கலமும் இல்லாத கலமும் கலந்திருப்பதைக் காட்டியது. வெறும் 'காவி' எண்டு நினைத்த பெண்ணுக்கும் அந்த மாத்திரை ஆபத்தாகலாம்.