கல்லெழுத்தைப் படம் பிடித்த பயணி

பயணம் செல்வோர் இன்று ஒரே நாளில் நூறு படங்கள் எடுத்து வருகின்றனர். ஊர் திரும்பிப் பார்த்தால் எல்லாக் கோபுரங்களும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. இக்குறை கருவியினுடையது அன்று என்பதற்கு வரலாற்றிலே ஒரு சான்று உண்டு.

லின்னியஸ் டிரைப் என்பவர் மதராஸ் படையில் பணியாற்றிய ஆங்கில அதிகாரி. 1856-ஆம் ஆண்டில் மதராஸ் அரசாங்கம் அவரைத் தனது புகைப்படக் கலைஞராக நியமித்தது. 1858-இல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களில் அவர் படம் எடுத்தார். புகைவண்டி அவ்வூர்களை எட்டாத காலம் அது. கருவிகள் மாட்டுவண்டியிலே சென்றன.

மருந்து பூசிய மெழுகுக் காகிதத்தை அவர் கையாண்டார். அது ஒளியை மெதுவாகவே ஏற்கும். ஒரு படத்திற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அதற்குள் நடந்து சென்றவர் உருவம் படத்தில் பதியாது. ஆகவே எங்கே நிற்பது, வெயில் எப்பக்கம் விழுகிறது, இப்படம் எதற்காக என்னும் மூன்றையும் முதலில் முடிவு செய்தாக வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். அக்கல்வெட்டுகள் முறையாக ஆராயப்படாத காலம் அது. பின்னர் ஹூல்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவற்றைப் படித்து, 1891 முதல் பதிப்பித்தார். கோயிலை எடுப்பித்தவன் இராசராசன் என்பதற்கு அக்கற்களே சாட்சியாயின.

டிரைப்பின் பணியோ நீடிக்கவில்லை. 1859-இல் கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் அச்செலவு வேண்டாததெனக் கருதி நிறுத்தச் செய்தார். ஒரு படத்தின் பயன் எடுத்த அன்றே தெரிந்து விடுவதில்லை.

இதை நான் பட்டு அறிந்தவன். நான் ஆசிரியனாயிருந்த ஊரின் சிறு கோயிலில், திருப்பணியின்போது ஒரு கல்வெட்டு சிமெண்டுப் பூச்சுக்குள் மறைந்து போயிற்று. அச்சுவரின் முன்னே மாணவர்களோடு ஆண்டுதோறும் எடுத்துக்கொண்ட படங்கள் என்னிடம் உள்ளன. அனைத்திலும் எங்கள் முகங்களே நிறைந்திருக்கின்றன. ஓர் எழுத்தையேனும் படிக்க இயலவில்லை.

ஆகவே அன்பர்களே, கோபுரத்தைப் படம் எடுங்கள். உடன் வந்தோரையும் எடுங்கள். பின்னர், காலை அல்லது மாலையின் சாய்ந்த வெயில் எழுத்தின் பள்ளத்தில் நிழல் வீழ்த்தும் வேளையில், சுவருக்கு நேரே நின்று அந்தக் கல்லையும் ஒரு படம் எடுங்கள். ஊரும் நாளும் குறித்து வையுங்கள். இன்று நமக்குப் புரியாத எழுத்தை நாளை ஒருவர் படிக்கக் கூடும்.