இத்தாலி முடியரசை நீக்கிய கதை

தற்கால இத்தாலியின் அரசியலைக் கற்க விழைவோர் பெரும்பாலும் முஸோலினியிடமிருந்தே தொடங்குகின்றனர். கறுப்புச் சட்டைப் படையினர், ரோமாபுரியை நோக்கிச் சென்ற அணிவகுப்பு, மாடத்தில் நின்று முழங்கிய சர்வாதிகாரி ஆகியவை கேட்பதற்குச் சுவையானவை. பாடப் புத்தகங்களிலும் இவற்றுக்கே இடம் மிகுதி. யான் வேறொரு நாளிலிருந்து தொடங்க விரும்புகிறேன். அது 1946-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அன்றும் மறுநாளும் இத்தாலிய மக்கள், தங்கள் நாட்டுக்கு அரசர் வேண்டுமா, வேண்டாவா என்று வாக்களித்தனர். இன்றைய இத்தாலி பிறந்தது அந்த இரு நாட்களில்தான்.

அரசர் மீது மக்களுக்கு என்ன குறை? மூன்றாம் விக்டர் இம்மானுவேல் 1900-இல் அரியணை ஏறியவர். 1922-ஆம் ஆண்டு அக்டோபரில் முஸோலினியின் ஆட்கள் தலைநகரை நெருங்கியபோது, இராணுவச் சட்டத்தைப் பிறப்பிக்கும் ஆணையை மந்திரிகள் அவர் முன் வைத்தனர். அவர் கையெழுத்திட மறுத்தார். பிறகு முஸோலினியையே அழைத்து ஆட்சியை ஒப்படைத்தார். 1924-இல் எதிர்க்கட்சித் தலைவர் மத்தேயோட்டி கொலையுண்டபோதும் அவர் வாய் திறக்கவில்லை. 1938-இல் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்தன; அவற்றுக்குக் கையெழுத்திட அவருடைய பேனா தயங்கவில்லை. 1943 ஜூலையில், போர் தோல்வியில் முடியப்போகிறது என்று தெரிந்த பின்னரே, முஸோலினியைப் பதவி நீக்கிக் கைது செய்வித்தார்.

அதன் பின் நேர்ந்தது இன்னும் கொடிது. 1943 செப்டம்பர் 8-ஆம் நாள் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. மறுநாள் விடியுமுன் அரசரும் பரிவாரமும் ரோமாபுரியை விட்டு வெளியேறித் தெற்கே பிரிந்திசி துறைமுகத்தை அடைந்தனர். படைகளுக்குத் தெளிவான கட்டளை எதுவும் இல்லை. ஜெர்மானியர் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியப் போர்வீரரைச் சிறைப்பிடித்துக் கொண்டு போயினர். தலைவன் ஓடிய வீட்டில் பிள்ளைகள் படும் பாட்டை அந்த வீரர்கள் பட்டனர்.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். சவாய் அரச வமிசம் வடக்கே பீட்மாண்ட் பகுதியைச் சேர்ந்தது. 1860-இல் கரிபால்டியின் செஞ்சட்டை வீரர்கள் தெற்கே வென்ற நிலங்களை இணைத்துக்கொண்டு, 1861-இல் ஒன்றுபட்ட இத்தாலியின் அரச பட்டத்தைப் பெற்றது. எனவே, அந்த வமிசத்தை வடக்கு காக்கும், தெற்கு வெறுக்கும் என்றே எவரும் எண்ணுவர். நடந்ததோ நேர் எதிர். நேப்பிள்ஸ் தொகுதியில் நூற்றுக்கு ஏறத்தாழ 79 பேர் முடியரசுக்கு வாக்களித்தனர்; வடகோடியில் உள்ள டிரெண்டோவில் நூற்றுக்கு 85 பேர் குடியரசுக்கு வாக்களித்தனர். பீட்மாண்டே தன் பழைய அரச குடும்பத்தைக் கைவிட்டது!

காரணம், 1943-க்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் இரு இத்தாலிகள் இருந்தமையே. நேப்பிள்ஸ் மக்கள் 1943 செப்டம்பர் இறுதியில் நான்கு நாட்கள் தெருக்களில் போராடி ஜெர்மானியரை விரட்டினர். அதன் பின் தெற்கு நேச நாட்டுப் படைகளின் நிழலில், அரசரின் ஆட்சியில் இருந்தது. வடக்கோ 1945 ஏப்ரல் வரை ஜெர்மானியப் பிடியில் வாடியது. மலைகளில் மறைந்து போராடிய இளைஞர்கள் சுடப்பட்டனர், தூக்கிலிடப்பட்டனர். ‘எங்கள் அரசர் எங்கே?’ என்று கேட்டவர்கள் வடக்கில்தான் இருந்தனர். ஒரே தேசத்தார் ஒரே போரை இருவேறு விதமாக அனுபவித்தால், வாக்குப் பெட்டியும் இரு மொழிகளில் பேசும்.

இந்த முடிவை மக்களிடமே விட வேண்டும் என்று வற்புறுத்தியவர் பிரதம மந்திரி டி காஸ்பெரி. அரசியல் நிர்ணய சபையே இதைத் தீர்மானிக்கட்டும் என்று 1944-இல் ஏற்பாடாகியிருந்தது. 1946 மார்ச்சில் அது மாற்றப்பட்டது. அவருடைய கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் தொண்டர்களில் பெரும்பாலோர் குடியரசை விரும்பினர். வாக்காளரிலோ அரசபக்தர் ஏராளம். கட்சி பிளவுபடாமல் காக்க இதுவே வழி என்று அவர் கண்டார். தந்திரம் என்பார் சிலர்; யான் அதை விவேகம் என்பேன்.

அரச குடும்பமும் வாளாவிருக்கவில்லை. மே 9-ஆம் நாள் முதிய அரசர் முடி துறந்து எகிப்துக்குச் சென்றார். மகன் உம்பர்ட்டோ அரசரானார். ஒரு மாதமே நீடித்த ஆட்சியாதலின் அவரை ‘மே மாத அரசர்’ என்று மக்கள் குறிப்பிட்டனர்.

வாக்குச் சீட்டில் இரண்டு சின்னங்கள். குடியரசுக்கு, மதில் வடிவ முடி தரித்த பெண்ணின் தலை. முடியரசுக்கு, கிரீடம் சூடிய சவாய்க் கேடயம். எழுத்தறியாதார் பலர் இருந்த நாட்டில் இது நல்ல ஏற்பாடு. நாடு தழுவிய தேர்தல் ஒன்றில் பெண்கள் வாக்களித்ததும் அதுவே முதன்முறை. சீட்டை எச்சில் தொட்டு ஒட்ட வேண்டியிருந்தமையால், உதட்டுச் சாயம் பூசாமல் வாருங்கள் என்று மிலான் பத்திரிகை ஒன்று பெண்களுக்கு அறிவுரை கூறியது. சாயம் பட்ட சீட்டு செல்லாதாகிவிடக் கூடுமாம். அதே நாளில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபையின் 556 உறுப்பினருள் 21 பேர் பெண்கள்.

குடியரசுக்கு 1 கோடியே 27 லட்சம் வாக்குகள். முடியரசுக்கு 1 கோடியே 7 லட்சம். அரசபக்தர்கள் முறையிட்டனர். செல்லாத சீட்டுகளையும் கூட்டி மொத்தத்தில் பாதிக்கு மேல் கணக்கிட வேண்டும் என்பது அவர்கள் வாதம். நேப்பிள்ஸ் தெருக்களில் கலகம் மூண்டு சிலர் உயிரிழந்தனர். நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வருமுன்னரே, ஜூன் 12-ஆம் நாள் இரவு மந்திரி சபை, அரசுத் தலைவரின் அதிகாரத்தை டி காஸ்பெரியிடம் ஒப்படைத்தது. மறுநாள் உம்பர்ட்டோ, கண்டன அறிக்கை ஒன்றை விட்டுவிட்டு, விமானமேறிப் போர்ச்சுகலுக்குப் போய்விட்டார். அவர் தம் படைவீரரை அழைத்திருந்தால் உள்நாட்டுப் போர் மூண்டிருக்கும். அந்த ஒரு செயலுக்காக, தந்தைக்குக் கிடைக்காத மதிப்பை மகனுக்கு அளிக்கலாம் என்பது என் எண்ணம்.

1948 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்த அரசியல் சட்டம், இத்தாலி உழைப்பின்மீது நிறுவப்பட்ட ஜனநாயகக் குடியரசு என்று தொடங்குகிறது. அதன் 139-ஆம் விதி, குடியரசு முறையை எந்தத் திருத்தத்தாலும் மாற்றலாகாது என்கிறது. சவாய் வமிசத்து ஆண் வாரிசுகள் நாட்டுக்குள் நுழையவும் தடை விதிக்கப்பட்டது. அது 2002-இல்தான் விலகியது.

இவ்வளவு கண்டிப்பான குடியரசு, தன் தலைமைப் பீடத்தில் முதலில் அமர்த்தியவர் யார்? 1946 ஜூன் 28-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை தேர்ந்தெடுத்த தற்காலிகத் தலைவர் என்ரிகோ டி நிக்கோலா நேப்பிள்ஸ் நகரத்தவர். முடியரசின்பால் பற்றுடையவர் என்று அறியப்பட்டவர். 1948-இல் அவருக்குப் பின் வந்த பொருளாதார அறிஞர் லூயிஜி ஐனவுதியோ, வாக்கெடுப்புக்குச் சில நாட்கள் முன்பு, தாம் அரசருக்கே வாக்களிக்கப் போவதாகப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதியவர்.