ஏதுப்போலி

ஏதுப்போலி என்பது காரணம்போலத் தோன்றி, உண்மையில் எதையும் நிறுவாத காரணத்தைக் குறிக்கும் அளவையியல் சொல். 'ஏத்வாபாசம்' என்னும் வடசொல்லின் தமிழாக்கம். ஏது காரணம், ஆபாசம் (இன்று வேறு பொருளில் வழங்குவது) பொய்த்தோற்றம். அதற்குப் 'போல்' என்பதிலிருந்து பிறந்த 'போலி' நன்கு பொருந்தியது.

மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் 14 ஏதுப்போலிகளை விளக்குகிறார். வடமொழி நியாயப்பிரவேசத்திலும் இதே எண்ணிக்கைதான். வஞ்சியில் பல சமயவாதிகளின் வாதங்களையும் கேட்டு வந்த மணிமேகலைக்கு, எதை ஏற்பது என அறிய இந்த அளவுகோல் தேவைப்பட்டது.

'ஒலி அழியக்கூடியது, அறியப்படுவதால்' என்பது கேட்கச் சரியாகவே இருக்கும். ஆனால் அழியாததாகக் கொள்ளப்படும் ஆகாயமும் அறியப்படுவதே. ஆகவே இந்த ஏது இருபக்கமும் சாயும். ஒலி அழியும் என்பது பௌத்தரின் சொந்தக் கொள்கை. ஆயினும் அதற்குக் காட்டிய இக்காரணத்தைப் பௌத்தத் துறவியே போலி என விலக்குகிறார்.