அக்டோபர் மாதத்துக் கையெழுத்து

கூடைப்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். கல்லூரியில் படித்த இரண்டு வருஷமும் மைதானத்தின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்ததோடு சரி. பந்து என்னைத் தேடி வந்த சந்தர்ப்பங்களில் மரியாதையாக விலகி வழிவிட்டிருக்கிறேன். ஆனால் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தைச் சுற்றி நடக்கும் ஒரு காரியம் வெகு நாளாக என் மனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அது மைதானத்தில் நடப்பதல்ல. ஓர் அறைக்குள், மேஜைமேல் நடப்பது. ஒரு பக்கம் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசுப் பிள்ளை. மறு பக்கம் கோஷ்டியின் நிர்வாகி. இவனை இன்னும் நாலைந்து வருஷத்துக்கு இப்போதே எழுதி வாங்கிக்கொள்வதா, இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்ப்பதா? இதுதான் கேள்வி. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்ன மகானுபாவர் அறுவடை முடிந்த பிறகே அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

என்.பி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கத்தில் ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளைக் கோஷ்டிகள் முறைவைத்துப் பொறுக்கி எடுக்கின்றன. 1994-இல் முதலாவதாகப் பொறுக்கப்பட்டவர் க்ளென் ராபின்சன். மில்வாக்கிக் கோஷ்டிக்காக ஓர் ஆட்டங்கூட ஆடுவதற்கு முன்பே, பத்து வருஷத்துக்கு 6 கோடியே 80 லட்சம் டாலர் என்று பேசி முடித்துக்கொண்டார். முதலாளிகளுக்கு நடுக்கம் கண்டது. மறு வருஷமே, பொறுக்கிய வரிசைப்படி புதியவனுக்கு இவ்வளவுதான் சம்பளம் என்று திட்டம் செய்துவிட்டார்கள். பயம் ஒழிந்ததா என்றால், இல்லை. முதல் ஒப்பந்தத்திலிருந்து இரண்டாவது ஒப்பந்தத்துக்குத் தள்ளிப் போயிற்று, அவ்வளவுதான்.

1995-இல் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே மினசோட்டாக் கோஷ்டிக்கு வந்தார் கெவின் கார்னெட். 1997-இல் அவருக்கு வயசு 21. கோஷ்டி 10 கோடியே 35 லட்சம் டாலர் தருவதாகச் சொல்ல, வேண்டாமென்றார். அக்டோபர் முதல் தேதி ஆறு வருஷத்துக்கு 12 கோடியே 60 லட்சத்துக்குக் கையெழுத்தாயிற்று. கோஷ்டியின் சொந்தக்காரர் மொத்தக் கோஷ்டியையும் வாங்கியதே சுமார் 8 கோடியே 80 லட்சத்துக்குத்தான்! 1998 ஜூலையில் முதலாளிகள் கதவை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். மறு ஜனவரியில்தான் பூட்டுத் திறந்தது. அந்த வருஷம் ஒவ்வொரு கோஷ்டிக்கும் 82 ஆட்டத்துக்குப் பதில் 50 ஆட்டந்தான். இத்தனை அனுபவம் உள்ளவனுக்கு இவ்வளவுக்கு மேல் சம்பளம் இல்லை என்ற உச்சவரம்பு அந்தச் சண்டையில் பிறந்தது.

பிறகு முறை இப்படி அமைந்தது: முதல் ஒப்பந்தம் நாலு வருஷம். மூன்றாவது வருஷம் முடிந்தபின் நீடிக்கலாம். அதற்குக் கெடு அக்டோபர் 31. (இப்போது அந்தக் கெடு ஆட்டப் பருவம் தொடங்குவதற்கு முதல் நாளாக மாறியிருக்கிறது.) கெடுவுக்குள் கையெழுத்து ஆகாவிட்டால், அடுத்த கோடையில் மற்றவர்களும் விலை கேட்கலாம். ஆனால் அந்த விலையைத் தானே கொடுத்துப் பிள்ளையை நிறுத்திக்கொள்ளும் உரிமை பழைய கோஷ்டிக்கு உண்டு. ஆகவே பொறுத்தால் ஆள் உடனே போய்விடுவதில்லை, விலைதான் ஏறும். அவசரப்பட்டாலோ, ஒரு முழங்கால் மொத்தப் பணத்தையும் விழுங்கிவிடும்.

முழங்கால் என்று சும்மா சொல்லவில்லை. போர்ட்லண்ட் கோஷ்டியில் பிராண்டன் ராய் என்பவர் இருந்தார். 2007-இல் சிறந்த புதுமுகம் என்று பரிசு பெற்றவர். 2009-இல் கோஷ்டி தாராளமாக உச்சவரம்புச் சம்பளத்துக்கே ஒப்பந்தத்தை நீடித்தது. அதில் தப்புச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் முழங்கால்கள் தேய்ந்துகொண்டே வந்தன. 2011 ஏப்ரலில் டல்லஸ் கோஷ்டிக்கு எதிராக, 23 புள்ளி பின்தங்கிக் கிடந்த ஆட்டத்தில், கடைசிக் கால் பகுதியில் மட்டும் 18 புள்ளி எடுத்து ஜெயித்துக் கொடுத்தார். அந்த டிசம்பரிலேயே ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயசு 27.

இனி 2012 அக்டோபருக்கு வருவோம். அந்த மாதத்தின் கடைசி வாரத்தில் இரண்டு ஊர்களில் இரண்டு தீர்மானங்கள் ஆயின. இரண்டும் 2009-இல் பொறுக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றியவை.

ஓக்லஹோமா சிடியில் ஜேம்ஸ் ஹார்டன். கோஷ்டி அந்த ஜூனில்தான் இறுதிப் போட்டி வரை போய்த் தோற்றிருந்தது. டுராண்ட், வெஸ்ட்புரூக், இபாகா மூவருக்கும் ஏற்கெனவே ஒப்பந்தம் நீடித்தாயிற்று. சம்பள மொத்தம் வரம்பைத் தாண்டினால் கட்ட வேண்டிய வரியோ கடுமையாகப் போகிறது. நிர்வாகி சாம் பிரெஸ்டி சொன்ன தொகைக்கும் ஹார்டனுக்குக் கிடைக்கக்கூடிய உச்சத்துக்கும் வித்தியாசம், நாலு வருஷத்துக்கும் சேர்த்து ஐம்பது அறுபது லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. சின்னத் தொகையல்ல, ஆனால் அந்த வியாபாரத்தில் பெரிய தொகையும் அல்ல. 27-ஆம் தேதி ஹார்டனை ஹூஸ்டனுக்கு மாற்றிவிட்டார்கள். 31-ஆம் தேதி அங்கே ஆடிய முதல் ஆட்டத்தில் அவர் எடுத்தது 37 புள்ளி. 2018-இல் சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் அவரே.

அதே 31-ஆம் தேதி கலிபோர்னியாவில் ஸ்டெபன் கர்ரி. கணுக்காலில் இரண்டு வருஷத்தில் இரண்டு அறுவைச் சிகிச்சை. முந்தின பருவத்தில் ஆடியது 26 ஆட்டம். கோல்டன் ஸ்டேட் கோஷ்டி நாலு வருஷத்துக்கு 4 கோடியே 40 லட்சம் தந்தது, அவர் ஒப்புக்கொண்டார். ‘நொண்டிக் குதிரைக்கு இவ்வளவா?’ என்று கேட்டவர்கள் உண்டு. கணுக்கால் தேறிற்று. 2015-இலும் 2016-இலும் அவர்தான் தலைசிறந்த ஆட்டக்காரர். 2015-இல் கோஷ்டிக்கு நாற்பது வருஷத்துக்குப் பிறகு பட்டம்.

கதையின் முடிச்சு இனிமேல்தான். 2016 கோடையில் டெலிவிஷன் பணம் வந்து கொட்டியதால் சம்பள வரம்பு 7 கோடியிலிருந்து 9 கோடியே 40 லட்சத்துக்கு உயர்ந்தது. கர்ரியோ பழைய ஒப்பந்தப்படி இன்னும் சுமார் 1 கோடியே 20 லட்சத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். கோல்டன் ஸ்டேட்டின் பெட்டியில் இடம் இருந்தது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர் யார்? ஓக்லஹோமா சிடியின் கெவின் டுராண்ட்! ஹார்டன் போனது ஒரு அக்டோபர். டுராண்ட் போனது நாலு வருஷம் கழித்து ஒரு ஜூலை.

கர்ரி ஏமாந்துவிட்டார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், நானும் ஒரு முறை அப்படி ஏமாந்தவன். என் முதல் நாவலின் உரிமையை ஒரு சிறு தொகைக்கு மொத்தமாக எழுதிக் கொடுத்தேன். புத்தகம் பல பதிப்பு ஓடிற்று. "என்னப்பா, இப்படிச் செய்துவிட்டாயே!" என்று நண்பர்கள் இன்றும் அங்கலாய்க்கிறார்கள். அந்த மாதம் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. புத்தகத்தின் பதிப்புகள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கின்றன. அந்த மழை எனக்கு மட்டுந்தான் ஞாபகம் இருக்கிறது. கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவனுக்கு 4 கோடி டாலர் என்பது, நனையாத ஒரு கூரை. 2017-இல் அவரே ஐந்து வருஷத்துக்கு 20 கோடியே 10 லட்சம் வாங்கினார் என்பது வேறு விஷயம்.

போர்ட்லண்டுக்காரர்களையும் இந்த நியாயப்படிதான் எடைபோட வேண்டும். அவர்கள் கண்ட பிள்ளை நல்ல பிள்ளை; கணக்குத் தப்பவில்லை, முழங்கால் தப்பிற்று.

ஓக்லஹோமா சிடியின் கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. 2021-இல் அந்தக் கோஷ்டி 72 ஆட்டத்தில் 22-தான் ஜெயித்தது. அதன் இளம் ஆட்டக்காரர் ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் பாதத்தில் அடிபட்டு 35 ஆட்டத்தோடு உட்கார்ந்துவிட்டார். பொறுத்துப் பார்க்க இதைவிடச் சாக்கு வேண்டுமா? கெடு வரும்வரைகூடக் காத்திராமல், அந்த ஆகஸ்டிலேயே ஐந்து வருஷத்துக்கு உச்சவரம்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். 2025-இல் அவர் சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆனார். அந்த ஜூனில் ஓக்லஹோமா சிடிக்கு முதல் பட்டம் வந்தது.

2021-இல் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த நிர்வாகி யார் தெரியுமா? 2012-இல் ஹார்டனை அனுப்பிவைத்த அதே சாம் பிரெஸ்டிதான். அவர் மனத்தில் என்ன ஓடிற்று என்று சொல்ல நான் யார்? பிள்ளையின் காலைப் பார்த்து விலை பேசுவது ஒரு வழி. இவன் நம்மவன்தானா என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, பிறகு விலைக்கு வருவது இன்னொரு வழி. முதல் வழியில் லாபம் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் ஒன்பது வருஷத்தில் ஒரு மனிதர் முதல் வழியை விட்டு இரண்டாவதுக்கு வந்திருக்கிறார் என்றால், அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும்.