வீ இன்சிஸ்ட்! மேக்ஸ் ரோச்சின் ஃப்ரீடம் நவ் சூட்

அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சின் (1924–2007) தலைமையில் 1960 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 6 ஆகிய நாள்களில் நியூயார்க்கில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் கேண்டிட் நிறுவனத்தால் வெளியிடப்பட்ட ஜாஸ் இசைத்தட்டு இது. ஒரே கருப்பொருளால் இணைந்த உருப்படிகளின் வரிசையைச் 'சூட்' என்பர். இதன் ஐந்து உருப்படிகள் அமெரிக்க அடிமை முறையில் தொடங்கித் தென்னாப்பிரிக்க இனவொதுக்கலில் முடிகின்றன.

1940களில் 'பீபாப்' என்ற புதிய ஜாஸ் பாணி உருவானபோது, காலப்பிரமாணத்தைக் காட்டும் பொறுப்பைக் காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய டிரம்மிலிருந்து 'சிம்பல்' என்னும் உலோகத் தட்டுக்கு மாற்றியவர்களில் கென்னி கிளார்க்கும் ரோச்சும் முதன்மையானவர்கள். இதனால் மற்ற டிரம்கள் உடன் வாசிப்போருக்கு மறுமொழி சொல்லும் உரிமையைப் பெற்றன. அந்த உரிமை எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு இத்தட்டே சான்று.

அடிமை விடுதலைப் பிரகடனத்தின் நூற்றாண்டான 1963ஐ மனத்தில் கொண்டு, பாடலாசிரியர் ஆஸ்கர் பிரவுன் ஜூனியருடன் சேர்ந்து 1959இல் ரோச் ஒரு நெடும்படைப்பைத் தொடங்கினார். அது எவ்வாறு நிறைவுபெற வேண்டும் என்பதில் இருவருக்கும் இருந்த அரசியல் வேறுபாடு கூட்டுறவை முறித்தது. இதற்கிடையே 1960 பிப்ரவரியில் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட உணவக இருக்கைகளில் அமர்ந்து போராடினர். மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் காவல்துறை சுட்டதில் 69 பேர் உயிரிழந்தனர். நூற்றாண்டு வரை காத்திருக்க இயலாத சூழலில், ஜாஸ் விமர்சகர் நாட் ஹென்டாஃப்பின் மேற்பார்வையில் ஒலிப்பதிவு நடந்தது. உணவக மேடை முன் அமர்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கும் கறுப்பின ஆடவர் மூவரின் படமே தட்டின் அட்டையானது.

முதல் உருப்படியான 'டிரைவா மேன்' தோட்டக் கங்காணியைப் பற்றியது. ஐந்து எண்ணிக்கை கொண்ட தாளத்தில், ஒவ்வோர் ஆவர்த்தனத்தின் முதல் அடியிலும் ரோச் டிரம்மின் விளிம்போடு சேர்த்து அறையும் ஓசை கட்டாய உழைப்பின் கொடுமையைக் காதில் நிறுத்துகிறது. இதில் மூத்த சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸின் வாசிப்பில் ஒரு சுரம் பிசிறியது; அதை வெட்டி ஒட்ட வேண்டாமென்று அவரே தடுத்தார், அந்தப் பிசிறு இன்றும் தட்டில் இருக்கிறது. இத்தகைய படைப்பில் குறையற்ற ஒலி பொருந்தாது என்ற அவருடைய முடிவு சரியானதே.

'டிரிப்டிக்' எனப்படும் மூன்றாம் உருப்படி தொகுப்பின் உச்சம். வேண்டுதல், எதிர்ப்பு, அமைதி என்னும் மூன்று பகுதிகளிலும் பாடகி ஏபி லிங்கனின் குரலும் ரோச்சின் டிரம்ஸும் மட்டுமே ஒலிக்க, சொல் என்பதே இல்லை. முதற்பகுதியில் இழுத்து முனகும் குரல் நடுப்பகுதியில் ஒரு நிமிடத்துக்கும் மேலாக அலறலாக வெடிக்கிறது. டிரம்ஸ் அதற்கு ஈடாக எழுகிறதேயன்றி அதை அடக்குவதில்லை. இறுதியில் எஞ்சுவது களைத்த மூச்சின் ஓய்வு. மிகுந்த விவாதத்துக்குள்ளான பகுதியும் இதுவே. அழகாகப் பாடத் தெரிந்த ஒரு கலைஞர் அழகைத் தாமாகவே துறந்த துணிவை இதில் உணராமல் இருக்க முடியாது.

'ஆல் ஆப்பிரிக்கா'வில் லிங்கன் ஆப்பிரிக்க இனக்குழுக்களின் பெயர்களை அழைக்க, நைஜீரியக் கலைஞர் ஒலாடுன்ஜி யோருபா மொழியில் மறுமொழி தருகிறார். 'டியர்ஸ் ஃபார் ஜோகன்னஸ்பர்க்' ஷார்ப்வில்லில் மாண்டோருக்கான இரங்கல். இதில் டிரம்பெட் வாசித்த புக்கர் லிட்டில் 1961இல் தமது 23ஆம் வயதில் காலமானார்.

தென்னாப்பிரிக்க அரசு இத்தட்டைத் தடை செய்தது. ரோச்சும் லிங்கனும் 1962இல் மணந்துகொண்டு, இப்படைப்பை ஐரோப்பிய மேடைகளுக்கும் கொண்டுசென்றனர். 1964இல் பெல்ஜியத் தொலைக்காட்சிக்காக அவர்கள் நிகழ்த்தியது படச்சுருளில் எஞ்சியுள்ளது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2022இல் இத்தொகுப்பைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.