குறும்பு

பிள்ளைகளைச் செல்லமாகக் கடிந்துகொள்ள வழங்கும் இந்தச் சொல்லின் பழைய பொருள் போரோடு சேர்ந்தது. சங்க நூல்களில் குறும்பு என்றால் அரண். அங்கிருந்து ஆண்ட குறுநிலத் தலைவர் குறும்பர். 735ஆம் குறளில் வரும் குறும்பு, வேந்தனையே அலைக்கழிக்கும் கூட்டம். அந்த அடங்காமைதான் வீட்டுக்குள் வந்து பிள்ளைகளின் சேட்டையாயிற்று போலும்.

ஆனால் எல்லா அடங்காமையும் குறும்பு அல்ல. அறிவில் குறையில்லாமல், தன்னைக் கட்டுப்படுத்த மட்டும் முடியாத குழந்தைகளைப் பற்றி 1902இல் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் விரிவுரை ஆற்றினார். இன்று அந்த வகைக் குறைபாட்டை ஏ.டி.எச்.டி. என்கிறோம். கவனச் சிதறலோ ஓயாத துறுதுறுப்போ வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது 6 மாதம் நீடித்தால்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்வார். இதில் பரம்பரைக்கே பெரும்பங்கு. தாயின் வளர்ப்பைப் பழிப்பது அநியாயம்.

முரட்டுத்தனம் வேறு, அதில் வீட்டுக்குப் பங்குண்டு. கடை வாசலில் பிள்ளை மிட்டாய் கேட்டுப் புரண்டு அழுகிறது. அம்மா அதட்டுகிறார், அழுகை கூடுகிறது, வாங்கித் தந்ததும் அடங்குகிறது. கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளையும், கொடுத்தால் ஓயும் என்று அம்மாவும் கற்றுக்கொள்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்தச் சுழலைத்தான்.

வீட்டிலும் பள்ளியிலும் புகார் மாதக்கணக்கில் தொடர்ந்தால், குறும்பு என்று தள்ளிப்போடாமல் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள்.