தாத்தாவை உதைத்த கார்

எங்க தாத்தாவின் வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். கேட்டால் "கார் உதைச்சிருச்சுடா" என்பார். கார் எங்கேயாவது உதைக்குமா? மாடு உதைத்ததைத்தான் கௌரவமாகச் சொல்கிறார் என்று பேரப்பிள்ளைகள் எல்லாம் பேசிவைத்துச் சிரிப்போம்.

வேலைக்காகக் கொல்கத்தா வந்தபிறகு, இங்கே ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை ஆரம்பித்த பழைய கார் ஊர்வலத்தை ஒரு குளிர்காலக் காலையில் பார்க்கப் போனேன். ஒரு ஃபோர்ட் மாடல் டி நின்றது. ஓட்டுகிற பெரியவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த சின்ன லீவரை மேலே தள்ளிவிட்டு, ஹேண்டில் போட முன்னால் போனார். பாதியில் திரும்பி வந்து லீவரை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஏன் தாதா?" என்றேன். "மறந்தா கை போயிடும், பாபு." அவ்வளவுதான் சொன்னார்.

விஷயம் இதுதான். பெட்ரோல் கலவை பற்றி எரிய நேரம் வேண்டும். 2 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும்போது அதற்குள் கிராங்க் 7 டிகிரி திரும்பும். 3000 சுற்றில் 36 டிகிரி. அதனால் வேகம் கூடக் கூட, பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே ஸ்பார்க் விழவேண்டும். ஆனால் கையால் சுற்றும்போது வேகமே இல்லை. அப்போது ஸ்பார்க் முந்திவிட்டால் ஏறிவரும் பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளும், ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழலும். அதுதான் உதை! இதில் முறியும் மணிக்கட்டு எலும்புக்கு மருத்துவப் புத்தகங்களில் 'ஷோஃபர் முறிவு' என்றே பெயர் உண்டு. (தாத்தாவிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.)

1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி மாடல் டி விற்றது. அத்தனையிலும் டைமிங் ஓட்டுபவர் கையில்தான். கிளம்ப லீவரை மேலே தள்ளு. ஓட ஆரம்பித்ததும் கீழே இறக்கு. மேட்டில் இன்ஜின் திணறித் தட்டினால் கொஞ்சம் ஏற்று. மீட்டர் கிடையாது, காதுதான்.

1912 காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்து கையைக் காப்பாற்றியது. பிற்பாடு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் குட்டி எடைகளும், வேக்குவம் டப்பாவும் லீவரின் வேலையை எடுத்துக்கொண்டன. 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜினும் இந்த ஜாதிதான். மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, 12 வோல்ட் பல்பை மாட்டி, பாயின்ட் திறந்து பல்பு எரியும் இடத்தில் இறுக்குவார். அப்புறமும் திருப்தி வராது. டாப் கியரில் அழுத்தி ஓட்டி, மணல் கொட்டுகிற மாதிரி தட்டல் கேட்டால் ஒரு நூல் பின்னுக்குத் தள்ளுவார். இன்றைய கார்களில் அந்தக் காதும் ஒரு சென்சார் ஆகிவிட்டது.

கிளம்பும் முன் அந்தப் பெரியவர் ஹேண்டில் பிடித்ததைக் கவனித்தேன். கட்டைவிரலைச் சுற்றி வளைக்காமல் மற்ற நான்கோடு சேர்த்தே வைத்திருந்தார், உதைத்தால் ஹேண்டில் நழுவிப் போகட்டும் என்று. கிணற்று வாளியையும் தேர்வடத்தையும் தாத்தா அப்படித்தான் பிடிப்பார். முறிவுக்குப் பிறகு அந்த விரல் மடங்குவதில்லை என்று நினைத்திருந்தேன்.